கிழங்கில் விளையும் வைட்டமினும் மூட்டையில் கலக்கும் வைட்டமினும்

ஊட்டச்சத்துக் குறைபாட்டுக்குத் தீர்வு கண்டுவிட்டதாக ஒன்றிய பாஜக அரசு முரசறைந்து வந்தது. செறிவூட்டப்பட்ட அரிசியை 2028 டிசம்பர் வரை ரேஷன் கடைகள், அங்கன்வாடிகள், பள்ளி மதிய உணவு ஆகியவற்றின் வழியே வழங்க, 2024 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை 17,082 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றைக் கலந்து, அரிசி வடிவில் வார்த்து, நூறு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு என்று சேர்ப்பதே இத்திட்டம். அரிவாள் செல் சோகை உடையோர் இரும்பு செறிவூட்டிய உணவைத் தவிர்க்க வேண்டும் என்று 2018ஆம் ஆண்டின் விதிகளே எச்சரித்திருந்தன. அந்நோய் மிகுந்திருப்பது பழங்குடி மக்களிடம். அவர்களின் பைகளுக்கும் இதே அரிசிதான் போனது.

வைட்டமின் ஏ இந்த அரிசியில் இல்லை. ஒன்றிய சுகாதார அமைச்சகம் 2016-18இல் நடத்திய கணக்கெடுப்பின்படி, நாட்டில் ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழ 18 சதவீதத்தினர் அச்சத்துக் குறைபாடு உடையவர்கள்.

இதற்கான விடை அரசின் கையிலேயே இருக்கிறது. திருவனந்தபுரத்தில் 1963இல் நிறுவப்பட்ட மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தின் படைப்பான ‘பூ சோனா’ என்னும் சர்க்கரைவள்ளி ரகம், ஒடிசாவுக்கு உரியதாக 2017இல் வெளியிடப்பட்டது. அதன் நூறு கிராம் கிழங்கில் 14 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் உள்ளது. வழக்கமான ரகங்களில் இரண்டு அல்லது மூன்று மில்லிகிராம்தான். நம் உடல் பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்கிறது. பன்னிரண்டு பங்கிலிருந்து ஒரு பங்கே கிடைக்கும் என்று கொண்டு, வேகவைப்பதில் ஏற்படும் இழப்பையும் கழித்தாலும், சிறிது எண்ணெயுடன் உண்ணும் 50 கிராம் கிழங்கு மூன்று வயதுக் குழந்தையின் ஒரு நாள் தேவைக்குப் போதுமானது. இந்தியாவில் சர்க்கரைவள்ளி மிகுதியாக விளையும் மாநிலம் ஒடிசா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

“மரபணுவியலா? அது மான்சாண்டோவின் வேலை” என்று முகம் சுளிக்கும் தோழர்கள் நம்மிடையே உண்டு. அவர்களோடும் வாதிட்டாக வேண்டும். பூ சோனா மரபணு மாற்றுப் பயிரன்று. மரபியல் அறிவின் துணையோடு தேர்ந்தெடுத்துப் பெற்ற ரகம். அந்தத் தேர்வும் எளிதன்று. சர்க்கரைவள்ளியில் ஒவ்வொரு குரோமோசோமும் ஆறு படிகளாக, மொத்தம் 90 உள்ளன. எனவே பெற்றோரின் குணம் பிள்ளைக் கொடியில் எப்படி வெளிப்படும் என்று எளிதில் சொல்ல முடியாது. கரோட்டின் உருவாக்கத்தின் முதற்படியை நடத்தும் நொதிக்குரிய மரபணுவும், மாவுச்சத்தோடு தொடர்புடைய ஒரு மரபணுவும் ஒரே குரோமோசோமில் அருகருகே அமைந்திருக்கின்றன. நிறம் கூடினால் மாவு குறைந்து கிழங்கு நீர்த்துப்போவது இதனால்தான். மாவுப் பதமில்லாத கிழங்கை உழைக்கும் மக்கள் ஏன் உண்ண வேண்டும்? ஆப்பிரிக்காவில் மரியா அந்த்ராதே, ராபர்ட் முவாங்கா ஆகியோர் ஆண்டுக்கணக்கில் கலப்பு செய்து, இந்தப் பிணைப்பைத் தளர்த்தி, வறட்சியையும் நோயையும் தாங்கும் ரகங்களை உருவாக்கினர். 2016இல் உலக உணவுப் பரிசு பெற்ற நால்வரில் அவ்விருவரும் அடங்குவர். மற்றொரு செய்தி: மண் பாக்டீரியாவின் மரபணுத் துண்டுகளைச் சர்க்கரைவள்ளி இயற்கையிலேயே சுமந்துவருகிறது என்று 2015இல் அறியப்பட்டது. ஆகவே ‘அந்நிய மரபணு’ என்ற அச்சத்தை வைத்து அரசியல் செய்வது நமக்கு உதவாது. விதை யாருடைய உடைமை என்பதே நாம் எழுப்ப வேண்டிய கேள்வி.

மரபியலைப் பகைத்ததற்கு நம் இயக்கம் ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறது. உலகின் பயிர் வகைகளைத் தேடித் திரட்டிய வவிலோவ், லைசென்கோவின் செல்வாக்குக் காலத்தில் கைதாகி, 1943இல் சரத்தோவ் சிறையில் இறந்தார். அவருடைய நிறுவனத்தின் ஊழியர்களோ, முற்றுகையிடப்பட்ட லெனின்கிராடில் பட்டினியால் மடிந்தபோதும் விதைகளையும் உருளைக்கிழங்குகளையும் உண்ணாமல் காத்தார்கள். அந்த ஊழியர்களின் வழியே நமது வழி.

2017இல் வெளிவந்த ரகம் ஒவ்வொரு அங்கன்வாடித் தட்டிலும் ஏன் இல்லை? சர்க்கரைவள்ளியை விதை தூவி வளர்ப்பதில்லை. கொடியை நறுக்கி நடுகிறார்கள். ஒருவர் வயலில் விளைந்தால் மறு பருவத்தில் அண்டை வீட்டுக்காரர் இலவசமாகக் கொடி வாங்கிக்கொள்வார். ஆண்டுதோறும் விற்க முடியாத பொருளில் எந்த விதைக் கம்பெனி முதலிடும்? சத்துக் கலவையையும் அதைக் கலக்கும் எந்திரத்தையுமோ ஆண்டுதோறும் விற்கலாம். 17,082 கோடி அந்தத் திசையில் ஒதுக்கப்பட்டதன் பொருளாதாரம் இவ்வளவுதான். ஆதரவு விலைப் பட்டியலில் எந்தக் கிழங்கும் இல்லை; 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வழங்கும் தானியங்களிலும் அதற்கு இடமில்லை.

கொடியைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் நாம் சொல்லவில்லை. மொசாம்பிக்கின் ஜாம்பீசியா மாகாணத்தில் கொடியோடு தாய்மாருக்கான ஊட்டச்சத்துக் கல்வியும் சந்தை ஏற்பாடும் சேர்ந்து வந்தபோதே குழந்தைகளின் இரத்தத்தில் வைட்டமின் ஏ உயர்ந்தது. கோடையில் கொடி காய்ந்துவிடும் என்பதால், மழைக்கு முன்பே நீர்வசதியுள்ள இடத்தில் நாற்றங்கால் வேண்டும். சிறு கிழங்குகளை உலர்மணலில் புதைத்துவைத்து, மழைக்கு முன் முளைக்க வைக்கும் முறையும் ஆப்பிரிக்க விவசாயிகளிடம் உண்டு. இவற்றுக்கு விரிவாக்க ஊழியர் வேண்டும். அங்கன்வாடி ஊழியருக்கு முறையான ஊதியம் வேண்டும். காலிப் பணியிடங்களை நிரப்பாத அரசு இதைச் செய்யாது, செய்ய வைக்க வேண்டும்.

ஒடிசாவின் பழங்குடி மாவட்டங்களில் பஞ்சாயத்துதோறும் பொதுக் கொடி நாற்றங்கால், கிழங்குக்கு ஆதரவு விலை, அறுவடைக் காலத்தில் அங்கன்வாடிக்கு உள்ளூர்க் கொள்முதல் ஆகியவற்றை விவசாய சங்கமும் அங்கன்வாடி ஊழியர் சங்கமும் ஒரே மனுவில் முன்வைக்கட்டும். அந்த 17,082 கோடியில் ஒரு கொடி நாற்றங்காலுக்காவது ஒதுக்கப்பட்ட தொகை எவ்வளவு என்பதை அமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுத்து மூலம் தெரிவிக்கட்டும்.