குடும்பக் கணக்கு: நோய் தணிந்த பின் வரும் செலவு

காய்ச்சல் தணிந்துவிட்டது. "இனி வீட்டுக்குப் போகலாம்" என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தார் ஆரஞ்சுப் பழமும் ரொட்டியுமாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்று பெரியவர்கள் தேறுதல் கூறினார்கள். எல்லாம் நல்லதே. ஆயினும், குடும்பத்தின் வரவு செலவு ஏட்டில் கடினமான பக்கம் அன்றைக்குத்தான் திறக்கிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

நோய் முற்றியிருக்கும் நாள்களில் உதவிக்குக் குறைவில்லை. கைமாற்றுத் தருவார் உண்டு. இரவில் துணையிருப்பார் உண்டு. ஆள் எழுந்து நடமாடத் தொடங்கியதும் அவரவர் தத்தம் வேலையைப் பார்க்கச் சென்றுவிடுகிறார்கள். அது குற்றமன்று, உலக இயற்கை. ஆனால் எழுந்து நடமாடுகிறவர் உழைக்கும் வலிமை பெற இன்னும் இரண்டு மாதமோ மூன்று மாதமோ ஆகலாம். ஊரில் இருந்தால் களத்து நெல்லோ, தாய்மாமன் வீட்டுப் பாலோ தாங்கிப் பிடிக்கும். மும்பை போன்ற பட்டணத்தில் ஒன்றாம் தேதி பிறந்தால் வாடகை கேட்டு ஆள் வந்துவிடுகிறார். ஆகவே, தேறி வரும் காலத்தின் கணக்கை எவ்வாறு அமைப்பது என்பதை இம்மாதம் ஆராய்வோம்.

எடுத்துக்காட்டாகக் காசநோயை வைத்துக்கொள்வோம். முன்னாளில் க்ஷயம் என்று சொல்லி அஞ்சிய நோய் அது. இன்று மருந்துக்குக் கட்டுப்பட்டுக் குணமாகும் நோய். சாதாரணக் காசநோய்க்குச் சிகிச்சைக் காலம் பொதுவாக ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பின் நான்கு மாதம் மூன்று மருந்துகள். சில வாரங்களிலேயே இருமல் அடங்கிப் பசி எடுக்கும். "குணமாகிவிட்டதே" என்று அப்போது மாத்திரையை நிறுத்துகிறவர், மருந்துக்கு அடங்காத நோயை விலை கொடுத்து வாங்குகிறார். அதன் சிகிச்சையும் கடினம், அதனால் வரும் நஷ்டமும் பெரிது. ஆதலால் ஆறு மாதம் என்றால் ஆறு மாதமே.

மாத்திரையை அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. பின் செலவு எங்கிருந்து வருகிறது? மூன்று வழிகளில் வருகிறது: வேலைக்குப் போகாத நாளின் சம்பளம், மருத்துவமனைக்குப் போய்வரும் வண்டிக் கூலி, உடல் தேறுவதற்கான உணவு. இவற்றுள் முதலாவது மிகப் பெரிது. மூன்றாவதோ மிக அவசியமானது. விந்தை என்னவென்றால், பல வீடுகளில் கத்தி முதலில் விழுவது அந்த மூன்றாவதின் மேல்தான்.

நோயாளிக்கு ஒரு முட்டை கொடுத்துவிட்டு, பிள்ளைகளின் பாலில் பாதியைக் குறைத்துவிட்டு, தாம் மோரும் ஊறுகாயுமாக உண்டு எழுகிற தாய்மார்களை நாம் எல்லோரும் அறிவோம். அவர்களுடைய தியாகத்தைப் போற்றுகிறோம். ஆனால் அந்தத் தியாகம் பிழையான கணக்கு என்று நான் துணிந்து சொல்வேன். ஜார்க்கண்டு மாநிலத்தில் காசநோயாளிகளின் குடும்பங்களில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். அதன் முடிவு 2023-ல் வெளியாயிற்று. ஒரு பகுதிக் குடும்பங்களில் நோயாளிக்கு மட்டும் உணவுப்பொருள் வழங்கினார்கள். மற்றொரு பகுதியில் நோயாளியோடு வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுத்தார்கள். எல்லோரும் உண்ட வீடுகளில் புதிதாக நோய் கண்டவர் தொகை ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. நோயாளிகளிடையேயும், முதல் இரண்டு மாதத்தில் எடை கூடியவர்களுக்கு உயிராபத்துக் குறைவாக இருந்தது. அரிசியும் பருப்பும் இத்தனை செய்யும் என்றால், இல்லத்தரசியின் தட்டில் குறைக்கும் ஒரு கரண்டிப் பருப்பு சேமிப்பு ஆகுமா? அடுத்த நோயாளிக்கு இடும் அச்சாரம் அல்லவா அது!

ஆகவே நம் முதல் விதி இது: நோய் வந்த வீட்டில் சமையலறைச் செலவு கடைசியாகக் குறைக்க வேண்டியது, அதுவும் எல்லோருடைய தட்டையும் சேர்த்தே.

இனி வரவுப் பக்கத்தைப் பார்ப்போம். பலர் தமக்கு உரிமையானதைக் கேட்காமலே கடன் வாங்கப் புறப்படுகிறார்கள்.

தொழிற்சாலையிலோ கடையிலோ வேலை செய்து, சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கப்படுகிறவர் என்றால், அந்த மருந்தகத்தின் சான்றிதழின் பேரில் சம்பளத்தில் 70 விழுக்காடு, ஆண்டில் 91 நாள் வரை பெறலாம். முந்திய ஆறு மாதக் கணக்கில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். காசநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு, இரண்டாண்டு தொடர்ந்து பணியிலிருந்து மற்ற நிபந்தனைகளையும் நிறைவு செய்தவர், அதன் பின்னும் 80 விழுக்காடு பெற வழியுண்டு. எம்மைப் போன்ற ரயில்வே ஊழியர்க்கு ஆண்டுக்கு 20 நாள் அரைச் சம்பள விடுப்புச் சேர்கிறது. மருத்துவச் சான்று இருந்தால், அதில் இரண்டு நாளைக் கழித்துக்கொண்டு ஒரு நாள் முழுச் சம்பள விடுப்பாக மாற்றித் தருவார்கள். தம் விடுப்புக் கணக்கில் எத்தனை நாள் நிற்கிறது என்பதை நல்ல நாளிலேயே அறிந்து வைத்திருப்பது விவேகம்.

காசநோய் என்று அரசாங்கப் பதிவேட்டில் பதிவானவர் எவராயினும், தனியார் மருத்துவரிடம் சிகிச்சை பெற்றாலும், சத்துணவுக்காக வங்கிக் கணக்கில் உதவித்தொகை உண்டு. 2018-ல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கிய அது 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்ந்தது. ஆறு மாதத்துக்கு 6,000 ரூபாய்.

ஊரில் குடும்ப அட்டை இருக்கிறது; இங்கே அரிசியைக் கடையில் வாங்குகிறோம் என்போர் பலர். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அடங்கிய முன்னுரிமை அட்டை என்றால், அதன் தானியத்தை நாட்டின் எந்த மாநிலத்து நியாய விலைக் கடையிலும் விரல் ரேகை வைத்துப் பெறலாம். 2022 முதல் எல்லா மாநிலங்களிலும் இம்முறை நடைபெறுகிறது. இங்கிருப்போர் தம் பங்கை இங்கேயும், ஊரிலுள்ளோர் தம் பங்கை அங்கேயும் வாங்கிக்கொள்ள இடமுண்டு. ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம், 2023 தொடக்கம் முதல் விலையின்றியே கிடைக்கிறது.

இனி ஒரு மாதிரிக் கணக்கு. மாதம் 20,000 ரூபாய் சம்பாதிக்கும் குடும்பம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். ஊரில் பெற்றோர். செலவு இவ்வாறு என்று கொள்வோம்: வாடகை 6,000, மளிகை 4,000, பால், காய்கறி 2,500, எரிவாயு, மின்சாரம் 1,500, பள்ளி 1,500, ரயில் சீசன் சீட்டும் கைபேசியும் 1,000, ஊருக்கு 2,000, இங்குள்ளோர் பிஷி என்று அழைக்கும் சீட்டுக்கு 1,500. ஆக மொத்தம் 20,000. வரவும் செலவும் சரி.

குடும்பத் தலைவர் காசநோயால் மூன்று மாதம் ஓய்விலிருக்கிறார். ஈ.எஸ்.ஐ. தொகை ஏறத்தாழ 14,000; சத்துணவு உதவி 1,000; ஆக வரவு 15,000. செலவிலோ நாள்தோறும் இரண்டு முட்டை, அரை லிட்டர் பால், ஒரு கை கடலை என 1,500 ரூபாயும், வண்டிக் கூலி 500 ரூபாயும் கூடுகின்றன, ஆக 22,000. துண்டு விழுவது 7,000. இவர் வேலைக்குப் போகாததால் சீசன் சீட்டு முதலியவற்றில் 600 குறையும். ஊருக்கு அனுப்பும் 2,000-த்தை மூன்று மாதம் நிறுத்தினால், மீதித் துண்டு 4,400. மூன்று மாதத்துக்கு 13,200 ரூபாய்.

இந்த 13,200 என்ற எண்ணைக் காகிதத்தில் காண்பதே பாதி மருந்து. எண் தெரியாத வீட்டில் அச்சம் மட்டுமே கணக்குப் போடுகிறது. "எதற்கும் ஐம்பதாயிரம் வாங்கி வைப்போம்" என்று கைநீட்டிவிடுகிறார்கள். நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டிக்கு ஐம்பதாயிரம் வாங்கினால், வட்டி மட்டும் மாதம் 2,500 ஆகும். பிள்ளைகளின் பாலும் காய்கறியும் அத்தனையும் அதற்கே போய்விடும்! தேவையான 13,200-ஐ மட்டும், வங்கியில் ஒரு வளையலை வைத்து நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டியில் பெற்றால், வட்டி 132 ரூபாயோடு நிற்கும். இன்னும் எடுக்காத சீட்டு இருந்தால், தள்ளுப் போனாலும் எடுத்துவிடுவது வட்டிக்காரரிடம் போவதைவிட மேல். எஞ்சிய தொகையை வங்கியில் போட்டு, அதிலிருந்தே மாதச் சீட்டுப் பணத்தைக் கட்டி வரலாம்.

இங்கே சிலருக்கு மனம் ஒப்பாது. "ஊருக்கு அனுப்பும் பணத்தை நிறுத்துவதா? அப்பாவும் அம்மாவும் என்ன நினைப்பார்கள்? உறவினர் என்ன பேசுவார்கள்?" என்பார்கள். இந்த எண்ணத்தில் பாசமும் இருக்கிறது, மானமும் கலந்திருக்கிறது. பாசத்தை வணங்குவோம். மானத்துக்காக வட்டிக்கு வாங்கி ஊருக்கு அனுப்புவது யாருக்கும் நன்மையன்று. பெற்றோர் உண்பது மகனின் உழைப்பு என்று நினைத்து உண்கிறார்கள்; அது மகனின் கடன் என்று தெரிந்தால் அந்தச் சோறு அவர்கள் தொண்டையில் இறங்குமா?

நோயை மறைப்பதும் இதனோடு சேர்ந்தது. காசநோய் என்ற பெயரைச் சொல்ல நாணி, "வேலை அதிகம், வர முடியவில்லை" என்று பொய் சொல்கிறோம். பணமும் வராமல் செய்தியும் சரியாக இல்லாவிட்டால், ஊரில் உள்ளோர் ஆயிரம் கற்பனை செய்வார்கள். கைபேசியில் பேசினாலும் கடிதம் எழுதினாலும், இவ்வளவு சொன்னால் போதும்:

"அப்பா, அம்மாவுக்கு வணக்கம். எனக்கு நெஞ்சில் சளி நோய் கண்டு, காசநோய் என்று மருத்துவர் சொன்னார். பயப்பட வேண்டாம், ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் குணமாகும். மருந்து இலவசம். மூன்று மாதம் பணம் அனுப்ப இயலாது. கையில் இருப்பதை வைத்துச் சமாளித்துக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் தம்பியிடம் கேளுங்கள். நான் அவனிடம் சொல்லியிருக்கிறேன். மருந்து தவறாமல் சாப்பிடுகிறேன்."

இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வேறு பிள்ளையோ ஆதரவோ இல்லாத பெற்றோர் என்றால், முழுவதும் நிறுத்தாமல் ஆயிரம் ரூபாயாவது அனுப்பத்தான் வேண்டும். அப்போது துண்டு மாதம் 5,400 ஆகும். அதையும் எழுதிப் பார்த்து முடிவு செய்யலாம். எழுதிப் பார்த்தபின் செய்யும் எதுவும் பெருந்தவறாக முடிவதில்லை.

"ஊருக்கே போய்த் தேறி வருகிறேன்" என்று சிலர் புறப்படுகிறார்கள். ஊர்க் காற்றும் தாய் கைச் சோறும் நல்லவைதாம். ஆனால் மாத்திரை ஒருநாளும் தடைப்படலாகாது. தங்களுக்குத் தந்த நிக்ஷய் எண்ணைக் காட்டினால், சிகிச்சையை ஊரிலுள்ள அரசு மருத்துவமனைக்கு மாற்றிக் கொடுப்பார்கள். அதை முடித்த பின்னரே பயணச்சீட்டு எடுங்கள். காசநோய்ச் சிகிச்சைக்காகவோ பரிசோதனைக்காகவோ பயணம் செய்வோர்க்கும் துணைக்குச் செல்லும் ஒருவருக்கும், ரயிலில் இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் கட்டணத்தில் 75 விழுக்காடு சலுகை உண்டு. மருத்துவமனை தரும் உரிய படிவச் சான்றிதழை நிலையத்துச் சீட்டு அலுவலகத்தில் காட்ட வேண்டும். இதை அறியாமல் முழுக் கட்டணம் கொடுத்துச் செல்வோர் இருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

வேலைக்குத் திரும்பிய முதல் மாதமே பழைய செலவுக்குத் திரும்பிவிட வேண்டாம். வாங்கிய கடன் முதலில். ஊருக்கு அனுப்புவது அடுத்து. புதுத்துணியும் விருந்தும் பின்னர். ஆனால் நோயாளிக்கென வாங்கிய பாலும் முட்டையும் ஆறு மாதம் முடியும் வரை தொடரட்டும். மாத்திரைக்கும் அதற்கும் ஒரே கெடு.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றிரவே ஒரு பழைய நோட்டை எடுத்து, வீட்டில் எல்லோரும் நலமாயிருக்கும்போதே, "மூன்று மாதம் சம்பளம் குறைந்தால்" என்று தலைப்பிட்டு ஒரு பக்கம் எழுதி வையுங்கள். குடும்ப அட்டை, ஈ.எஸ்.ஐ. அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றும் எங்கே இருக்கின்றன என்பதையும் அதிலேயே குறியுங்கள். அந்தப் பக்கம் என்றும் பயன்படாமலே போகட்டும் என்பது என் பிரார்த்தனை.

அடுத்த மாதம், பள்ளி திறக்கும் காலத்துச் செலவுகளைப் பற்றி எழுதுவேன்.