"ரைட் ஆப் வே"

இங்கிலீஷில் "ரைட் ஆப் வே" என்று ஒரு சொல் வழங்கி வருகின்றது. அதற்கு இரண்டு அர்த்தம். ஒன்று, ஒருவன் பூமி வழியாக மற்றொருவன் நடந்து போகும் பாத்தியம். மற்றொன்று, எதிரெதிரே வரும் இருவரில் யார் முன்னே போவது, யார் ஒதுங்கி வழிவிடுவது என்பது. நாஞ்சில் நாட்டாருக்கு முதல் அர்த்தத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு முழ வரப்புக்காக நாகர்கோவில் கோர்ட்டுப் படி தேய நடந்து, கடைசியில் வயலையே விற்று வக்கீல் பீசு கட்டியவர்களை நாம் அறிவோம். இரண்டாவது அர்த்தத்திலோ நமது வைதீகர்கள் இங்கிலீஷ்காரனுக்கே பாடம் சொல்லும் யோக்கியதை உடையவர்கள்.

பழைய திருவாங்கூர் சர்க்கார் 1865-லேயே பொது ரஸ்தாக்கள் சகல ஜாதியாருக்கும் பொது என்று விளம்பரம் செய்தது. 1884-ல் மறுபடியும் அதையே சொல்லிற்று. பிறகு விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று. ஹைகோர்ட்டார் என்ன கண்டுபிடித்தார்கள்? வீதிகளில் ராஜவீதி என்றும் கிராமவீதி என்றும் இரண்டு ஜாதி உண்டாம்! விளம்பரம் ராஜவீதிக்குத்தானாம்! மனிதனுக்கு ஜாதி வைத்தது போதாதென்று மண்ணுக்கும் வைத்தார்கள். கோவிலைச் சுற்றிய தெருவோ கிராமவீதியாகிவிட்டது.

அந்த வைக்கத்து வீதியில் மாடு போகலாம், நாய் போகலாம், கிறிஸ்தவரும் முஸ்லிமும் போகலாம். ஈழவரும் புலையரும் போகக்கூடாது. நேற்றுவரை தீட்டாயிருந்த அதே கால், ஞானஸ்நானம் பெற்ற மறுநாள் தீட்டில்லாமல் போய்விடுமானால், தீட்டு காலில் இருந்ததா, பார்க்கிறவன் புத்தியில் இருந்ததா?

1924-ல் அங்கே சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. பெரியார் போய் இரண்டு முறை சிறை புகுந்தார். கோட்டாறு டாக்டர் எம்.இ. நாயுடு இந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஜாதாவைத் திருவனந்தபுரத்திற்கு நடத்திச் சென்றார். 1925 பிப்ரவரியில் சட்டசபையில் வழியைத் திறக்கும் தீர்மானம் 22-க்கு 21 என்று ஒரே ஓட்டில் தோற்றது. முடிவில் கிடைத்ததும் முழு வழியன்று; கிழக்குப் பக்கம் பழையபடியே நின்றது. மறுவருஷம், 1926-ல், நம் வாசலிலேயே, சுசீந்திரத்தில் தெருவில் நடப்பதற்காகவே சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. 1936 நவம்பர் 12-ந் தேதி கோவில் கதவே திறந்தது. தாணுமாலயன் தீட்டுப்பட்டு ஓடிப்போனதாகத் தகவல் இல்லை.

1882-ம் வருஷத்து வழிப்பாத்தியச் சட்டம் என்ன சொல்லுகிறது? 20 வருஷம் தடையில்லாமல் உரிமையோடு நடந்தால் அயலான் நிலத்திலும் வழி சொந்தமாகும் என்கிறது. இங்கே நடந்தது தலைகீழ். தலைமுறை தலைமுறையாக அடித்து விரட்டிவிட்டு, விரட்டியதையே "மாமூல்" என்று காட்டி விரட்டினவன் பாத்தியம் கொண்டாடினான்!

இவையெல்லாம் பழங்கதை, இப்போது யார் ஜாதி பார்க்கிறார்கள் என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். பஸ்ஸில் யாரும் பார்ப்பதில்லைதான். 1950 முதல் அரசியல் சட்டமும் ரஸ்தாவில் ஜாதித் தடை கூடாதென்கிறது. ஆனால் 2019 ஆகஸ்டில் வாணியம்பாடிக்கு அடுத்த நாராயணபுரத்தில் நடந்ததென்ன? பாலாற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் போகும் வழியில் நிலமுடைய மேல்ஜாதியார் விடமாட்டார்கள் என்பதால், ஆதிதிராவிடர் ஒருவர் பிணத்தைக் கயிறு கட்டிப் பாலத்திலிருந்து சுமார் 20 அடி கீழே இறக்கினார்கள். பாடையோடு தொங்கிய அந்தக் காட்சியை நாடே பார்த்தது. சென்னை ஹைகோர்ட்டு தானாகவே விசாரணைக்கு எடுத்தது. உயிரோடு இருப்பவன் ஒதுங்கி நிற்கலாம்; பிணம் எப்படி ஒதுங்கும்?

நமது ஜில்லாவில் அப்படி இல்லை என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர்கள் ஒரு காரியம் செய்யட்டும். தங்கள் ஊர்ச் சேரியிலிருந்து சுடுகாடு வரை ஒருநாள் நடந்து பார்க்கட்டும். அந்த வழி சர்க்கார் புறம்போக்கில் போகின்றதா, யாருடைய வரப்பில் யாருடைய தயவில் போகின்றதா என்று பார்த்து நமக்கு எழுதட்டும். வரும் கடிதங்களைப் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கின்றோம்.