குழாய்களை நிரப்பச் சொன்னவர்கள் எங்கே?

செவ்வாயிலிருந்து கல்லும் மண்ணும் கொண்டுவரும் திட்டத்துக்கு அமெரிக்க காங்கிரஸ் கைவிரித்துவிட்டது. தற்போதைய வடிவில் அந்தத் திட்டத்தை ஆதரிப்பதற்கில்லை என்று 2026 நிதியாண்டுக்கான ஒதுக்கீட்டு ஆவணத்தில் ஒரு வரி, அவ்வளவுதான். நாசாவின் அறிவியல் நிதியில் ஏறக்குறைய பாதியை வெட்டச் சொன்னது வெள்ளை மாளிகை. காங்கிரஸ் அதற்கு மசியாமல் 725 கோடி டாலரை ஒதுக்கியது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால், வெட்டச் சொன்ன பட்டியலில் இருந்த இந்தப் பெரிய திட்டத்தை மட்டும் காப்பாற்ற யாரும் மெனக்கெடவில்லை.

இது எந்த நேரத்தில் நடந்தது என்று பாருங்கள். 2025 செப்டம்பரில் இதே நாசாவின் தலைமைதான் செய்தியாளர்களைக் கூட்டி, செவ்வாயில் உயிர் இருந்ததற்கு இதுவரை கிடைத்தவற்றிலேயே தெளிவான அறிகுறி இதுவாக இருக்கலாம் என்று அறிவித்தது. ஜெசீரோ பள்ளத்துக்குள் ஒரு காலத்தில் ஆறு பாய்ந்த பாதையில், ஒரு மீட்டர் நீளம்கூடத் தேறாத ஒரு பாறை. செயாவா ஃபால்ஸ் என்று பெயர். செம்மண் நிறத்தில், உடம்பெல்லாம் சிறுத்தைப் புள்ளிகள்: நடுவில் வெளிறி, ஓரம் கறுத்து, மில்லிமீட்டர் கணக்கில் இருப்பவை. அந்தக் கறுத்த ஓரங்களில் இரும்பும் பாஸ்பேட்டும் இருந்தன. நடுவில் இரும்பு சல்பைடு. பாறையில் கரிமச் சேர்மங்களின் தடயமும் உண்டு. பூமியில், அழுகும் உயிர்ப்பொருள் கலந்த சேற்றில் நுண்ணுயிர்கள் விட்டுச்செல்லும் கனிமங்கள் இவை. உயிர் இல்லாமலும் இவை உருவாகலாம். ஆனால் அதற்கு நல்ல சூடோ அமிலத்தன்மையோ வேண்டும். அந்தப் பாறை சூடுபட்டதற்கான அடையாளம் தென்படவில்லை.

ஆகவே, உயிரா வெறும் வேதியியலா என்பதே கேள்வி. இதற்கு அங்கிருந்தபடி பதில் சொல்ல முடியாது. நமக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

அந்தப் பாறையைத் துளைத்த பெர்சிவரன்ஸ் ஊர்தி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகக் கட்டப்பட்டதல்ல. அதற்கு முன் சென்ற கியூரியாசிட்டியின் வயிற்றில் ஓர் ஆய்வுக்கூடமே இருந்தது. பாறையைப் பொடித்து, சூட்டில் வறுத்து, வெளிவரும் வாயுவை அங்கேயே பிரித்துப் பார்க்கும். பெர்சிவரன்ஸின் வயிற்றில் இருப்பது குழாய்களை அடுக்கி மூடி முத்திரையிடும் இயந்திரம். அதன் கையில் எக்ஸ் கதிர்க் கருவியும் லேசர் கருவியும் உண்டு. எந்தப் பாறையைத் துளைப்பது என்று தேர்ந்தெடுக்க அவை போதும். தீர்ப்புச் சொல்லப் போதாது. தெரிந்தேதான் அப்படிக் கட்டினார்கள். தீர்ப்பைப் பூமியில் வைத்துக்கொள்ளலாம், அங்கே பொறுக்கி எடுத்து வைத்தால் போதும் என்பதே ஏற்பாடு. அமெரிக்க அறிவியல் அகாடமியின் பத்தாண்டு அறிக்கை 2011இல் இந்தப் பணியைத்தான் பெருந்திட்டங்களில் முதலிடத்தில் வைத்தது. 2022இல் வந்த அடுத்த அறிக்கையும், தொடங்கியதை முடியுங்கள் என்றது.

ஊர்தி தன் பங்கைக் குறைவில்லாமல் செய்தது. 2021 பிப்ரவரியில் இறங்கி, 43 குழாய்களில் பெரும்பாலானவற்றை நிரப்பிவிட்டது. அவற்றில் பலவற்றில் சுமார் 13 மில்லிமீட்டர் தடிமனில், 6 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு துண்டுக் கல். வழியில் ஊர்தி பழுதானாலும் மாதிரிகள் தப்பட்டும் என்று பத்துக் குழாய்களை த்ரீ ஃபோர்க்ஸ் என்ற சமவெளியில் தரையிலேயே வரிசையாக வைத்துவிட்டு நகர்ந்தது. எடுத்துப்போக ஆள் வருவார்கள் என்று நம்பி எழுதிய திட்டம் அது. சிறுத்தைப் புள்ளிப் பாறையின் துண்டு இன்னும் ஊர்தியின் வயிற்றில் இருக்கிறது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்ததாகச் சொல்வார்கள். இங்கே தாழியைக் கையால் எடுத்துப் போட்டு உடைத்திருக்கிறார்கள்.

கல் கைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று. இலங்கையின் காலேயில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்த சிரில் பொன்னம்பெருமா, நாசாவின் ஏம்ஸ் மையத்தில் உயிரின் தோற்றம் குறித்த வேதியியலை ஆராய்ந்தவர். நிலவு மண்ணைச் சோதிப்பதற்காக அங்கே ஆய்வுக்கூடம் தயாராக இருந்தது. 1969இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் விண்கல் விழுந்ததும், அதே கூடத்தில் அதைச் சோதித்தார்கள். பூமியின் கறை படியாத அமினோ அமிலங்கள் அதில் இருப்பதை மறு ஆண்டே உலகுக்குச் சொன்னார்கள். 2023இல் பென்னு என்ற சிறுகோளிலிருந்து வந்த 121.6 கிராம் தூசியும் அப்படித்தான்: உயிர்கள் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 அதில் இருந்தன. எத்தனை கோடி கொட்டினாலும் தொலைவிலிருந்து இதைச் செய்திருக்க முடியாது.

செலவு அதிகம் என்கிறார்கள். அதிகம்தான். 1,100 கோடி டாலர் வரை போகும், 2040இல்தான் கல் வரும் என்று 2024இல் கணக்குக் காட்டினார்கள். அந்தக் கணக்கை ஊத வைத்தது யார்? திட்டத்தின் செலவும் காலமும் தொடக்கத்திலிருந்தே நடைமுறைக்கு ஒவ்வாதவை என்று நாசாவே அமர்த்திய தனிக்குழு 2023இல் எழுதிக் கொடுத்தது. பிறகு 770 கோடி டாலருக்குள் முடிக்க வழி இருக்கிறது என்று 2025 ஜனவரியில் நாசாவே சொன்னது. சொல்லிவிட்டு, எந்த வழி என்ற முடிவை அடுத்து வரும் ஆட்சியாளர்களின் தலையில் கட்டியது. அடுத்து வந்தவர்கள் நான்கே மாதத்தில் திட்டத்தையே வெட்டச் சொன்னார்கள். இந்தத் தடுமாற்றத்துக்கு நடுவே 2024 பிப்ரவரியில், திட்டத்தை நடத்திவந்த நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தில் 530 பேர் வேலை இழந்தார்கள். ஆளை அனுப்பிவிட்டு, வேலை நடக்கவில்லை என்று குறை சொல்வது தனித் திறமை.

வாஷிங்டனில் இது புதிதும் இல்லை. செவ்வாய்க் கல்லை 2008க்குள் கொண்டுவருவோம் என்று ஒரு காலத்தில் சொன்னவர்கள் இவர்களே. 1999இல் இரண்டு கலங்களைப் பறிகொடுத்ததும், அதில் ஒன்றை அளவு முறையைக் குழப்பிக்கொண்டு இழந்ததும், அந்தத் திட்டத்தைச் சுருட்டி வைத்தார்கள். ஐரோப்பியர்களோடு சேர்ந்து எக்ஸோமார்ஸ் என்ற செவ்வாய் ஊர்தியை அனுப்புவதாகக் கைகுலுக்கிவிட்டு 2012இல் விலகிக்கொண்டார்கள். ஐரோப்பியர் ரஷ்யாவிடம் போய், 2022இல் அந்தக் கூட்டும் முறிந்து, ஊர்தி இன்றுவரை பூமியில்தான் இருக்கிறது. வேற்றுலக அறிவுயிர்களின் வானொலிச் சமிக்ஞையைத் தேடும் பணியை 1992 அக்டோபரில் ஆரவாரமாகத் தொடங்கி, ஓராண்டுக்குள் நிறுத்தினார்கள். அதற்கு ஆண்டுக்கு ஆன செலவு சுமார் 1.2 கோடி டாலர். நாசாவின் செலவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. டெக்சாஸில் துகள் முடுக்கிக்காக 20 கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம் தோண்டி, 200 கோடி டாலரைக் கரைத்தபின் வேண்டாம் என்றதும் அதே 1993இல்தான். நிலவில் நீர்ப்பனி தேட வைப்பர் ஊர்தியை முழுதாகக் கட்டி முடித்து, 45 கோடி டாலர் செலவு செய்தபின் 2024இல் ரத்து செய்தார்கள். கூச்சல் எழுந்ததும், வேறு கலத்தில் ஏற்றி அனுப்பலாம் என்று மறு ஆண்டு திரும்பி வந்தார்கள். தொடங்குவதற்கு மேடை, நிறுத்துவதற்கு ஒரு வரி. மிச்சம் பிடிப்பதாகச் சொல்லிக்கொண்டு, போட்ட காசையெல்லாம் குப்பையில் கொட்டுவதற்குச் சிக்கனம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

சீனா தியான்வென்-3 கலங்களை 2028இல் ஏவி, 2031 வாக்கில் அரைக் கிலோ செவ்வாய் மண்ணோடு திரும்பப் பார்க்கிறது. பெர்சிவரன்ஸ் கிளம்பியபோது அமெரிக்கா தனக்குக் குறித்துக்கொண்ட ஆண்டும் 2031தான். சீனா முந்தட்டும், உயிர் பற்றிய கேள்விக்கு எந்தக் கொடி பதில் சொன்னால் என்ன? ஆனால் சீனக் கலம் இறங்கிய இடத்தையொட்டிக் கிடைப்பதை அள்ளி வரும். ஐந்து ஆண்டுகள் பள்ளம், ஆற்றுப்படுகை, பள்ளத்தின் விளிம்பு என்று ஏறி இறங்கி, ஒவ்வொரு கல்லும் எந்த அடுக்கில் எதன் பக்கத்தில் இருந்தது என்று குறித்து எடுத்த தொகுப்பு ஜெசீரோவில் மட்டுமே இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு வருவதைத்தான் காங்கிரஸ் அறிவுள்ள முடிவு என்று கருதுகிறது.

கூட்டாளிகளைச் சேர்ப்பதோ, தனியார் ஏவுகலத்தை அமர்த்துவதோ, கலத்தைச் சிறிதாக்குவதோ, எதுவோ ஒன்று; குழாய்கள் வந்து சேர வழி கண்டாக வேண்டும். வருங்காலச் செவ்வாய்ப் பணிகள் என்ற தலைப்பில் 11 கோடி டாலரை ஒதுக்கி வைத்திருக்கிறார்களே, அந்தப் பணிகள் எவை, அவற்றில் இந்தக் குழாய்களுக்கு இடம் உண்டா என்பதை அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன்பாவது வாய்திறந்து சொல்லட்டும்.