குப்பையைக் கொட்டிட்டு உரம்னு சொல்லாதீங்க

இன்னைக்குக் கொஞ்சம் கோபமாத்தான் எழுதறேன்.

போன வருசம் பக்கத்து டவுன்ல இருந்து ஒரு டிப்பர் குப்பை உரம் எடுத்து மிளகாய்க் காட்டுல போட்டேன். மாடு ரெண்டுதான் நிக்குது, ரெண்டு ஏக்கருக்கு எரு பத்தலை. பார்க்கக் கருப்பா நல்லாத்தான் இருந்துச்சு. முதல் மழை பேஞ்சதும் காடு முழுக்க மின்னுது. ஷாம்பு பாக்கெட், பால் கவர், சாக்கு நூல். நானும் வீட்டுக்காரியும் நாலு நாள் குனிஞ்சு பொறுக்கினோம். கண்ணுக்குத் தெரிஞ்சதைப் பொறுக்கலாம். தெரியாததை?

கேட்டா, "சலிச்சுத்தானே குடுக்கறோம்"ங்கறாங்க. நகரக் கம்போஸ்டுக்கு அரசாங்கம் வச்ச அளவே, நூத்துக்கு 90 பங்கு 4 மி.மீ. சல்லடையில இறங்கணும்ங்கறதுதான். 5 மி.மீ.க்குக் கீழ இருக்கறதுக்குத்தான் மைக்ரோபிளாஸ்டிக்னு பேரு. அப்ப சல்லடை பெருசை நிறுத்திட்டு, சின்னதை நம்ம காட்டுக்குப் பத்திரமா அனுப்பி வைக்குது.

இன்னும் சிலர், "எரு நிறையப் போடுங்க, கார்பன் ஏறினா பிளாஸ்டிக் ஒண்ணும் பண்ணாது"ங்கறாங்க. எருவை நுண்ணுயிர் தின்னும். கொஞ்சம் மூச்சாப் போயிடும், மிச்சம் மண்ணோட ஒட்டி நிக்கும். அந்த மிச்சம்தான் விவசாயியோட சொத்து. பிளாஸ்டிக் தூள் சேர்ந்தா மண்ணுக்குள்ள காத்தும் தண்ணியும் போற வழி மாறுது, நுண்ணுயிரும் மாறுது. அதனால கார்பன் கூடுமா குறையுமாங்கறது எந்த மண்ணு, எந்த பிளாஸ்டிக், கூடப் போட்டது சாணியா, கம்போஸ்டா, கரித்தூளாங்கறதைப் பொறுத்து மாறும். எல்லாத்துக்கும் ஒரே மருந்து கிடையாது. அதுலயும் பிளாஸ்டிக் வர்றதே அந்த எருவோடன்னா, இன்னும் ரெண்டு லோடு போடுன்னு சொல்றது என்ன நியாயம்?

இன்னொரு ஏமாத்தும் இருக்கு. பாலித்தீன் 100 கிராம்ல சுமார் 85 கிராம் கார்பன்தான். மண்ணை எரிச்சு மொத்த கார்பனை அளந்தா அதுவும் கணக்குல சேரும். காகிதத்துல மண்ணு வளமா தெரியும். பயிருக்கு அதுல ஒரு பிடி சோறு கிடைக்காது.

என் மேலயும் தப்பு இருக்கு. தக்காளிக்கு மல்ச்சிங் ஷீட் போட்டேன். அறுவடை முடிஞ்சு கிழிஞ்ச ஷீட்டோடவே ரொட்டோவேட்டர் ஓட்டினேன். நானே அரைச்சு மண்ணுல கலந்த மாதிரி ஆச்சு. இப்ப சுருட்டி வெளிய எடுத்துடறேன். ஆனா எங்க கொண்டு போய்க் குடுக்கறது? வித்தவங்க திரும்ப வாங்கணும்.

டவுன்காரங்களுக்கு ஒண்ணு சொல்றேன். மக்கற குப்பையை வீட்டு வாசல்லயே பிரிச்சுக் குடுங்க. உரத்துல ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் அளவு வச்ச மாதிரி, பிளாஸ்டிக் தூளுக்கும் அளவு வச்சு சோதிக்கட்டும். அதுவரைக்கும் இலவசமாக் குடுத்தாலும் எனக்கு வேண்டாம். ஆட்டுக்கிடை போடறேன், சணப்பை விதைச்சு மடக்கி உழறேன்.

நீங்க வாங்கறதா இருந்தா, வண்டியை இறக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பிடி எடுத்து வாளித் தண்ணியில கரைச்சுப் பாருங்க. குச்சியும் தழையும் மிதந்தா பரவாயில்லை. மின்னறது மிதந்தா வண்டியைத் திருப்பி அனுப்புங்க.