கால்மணிக் கணக்கு

ஆலைகளிலும் அலுவலகங்களிலும் கூலிக் கணக்கை எழுதும் தொழில் இந்நாளில் பெரும்பாலும் மென்பொருளைச் சார்ந்துவிட்டது. வாயிலில் விரல் வைத்த நேரத்தைப் பொறி நிமிடம் பிசகாது குறித்துக்கொள்கின்றது. அக்குறிப்பே கூலியாகும் என்று எண்ணுதல் தவறு. குறிப்பிற்கும் கூலிக்கும் இடையே ஓர் அட்டவணை உளது. ஷிப்ட் தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடைவேளை, எத்தனை நிமிடத்தை ஓர் அலகாகக் கொள்வது என்பனவெல்லாம் அதன்கண் ஒருமுறை நிரப்பப்படுகின்றன. நிரப்புபவர் ஒருவர், அதற்குட்படுவோர் பல நூற்றுவர். இவ்வட்டவணையின் அலகைப் பற்றியே ஈண்டு யாம் பேசப் புகுகின்றோம்.

அலகு கால்மணி என வைத்துக்கொள்வோம். காலை 8 மணி 7 நிமிடத்திற்கு வந்தவர் 8 மணிக்கே வந்தவராவர். 8 மணி 8 நிமிடத்திற்கு வந்தவரோ எட்டேகாலுக்கு வந்தவராவர். ஒருநாள் இழந்ததைப் பிறிதொருநாள் பெறுவர், ஈற்றில் சரியாகும் என்பர் இம்முறையை விரும்புவோர். அமெரிக்கக் கூட்டரசின் விதியொன்றும் இந்நம்பிக்கையின் மேலேயே 5 நிமிடம், 6 நிமிடம், கால்மணி ஆகிய அலகுகளுக்கு இடமளித்தது. பிந்தி வருவோரைத் தண்டிக்கும் ஆலையில் இது செல்லுமோ? ஆங்கு எவரும் 8 மணி 7 நிமிடத்திற்கு வாரார். 7 மணி 53 நிமிடத்திற்கே வந்து நிற்பர். அவ்வேழு நிமிடமும் கணக்கில் மறையும். மாலையில் 5 மணி 7 நிமிடம் வரை நின்றாலும் அங்ஙனமே. துலாக்கோல் ஒருபுறமே சாய்கின்றது.

கலிபோர்னியாவில் நிகழ்ந்த வழக்கொன்று இதனை நன்கு விளக்கும். செவிலியரைத் தேர்ந்து அனுப்பும் நிறுவனமொன்று 10 நிமிடத்தை அலகாக வைத்திருந்தது. 11 மணி 2 நிமிடத்திற்கு உண்ணச் சென்று 11 மணி 25 நிமிடத்திற்கு மீண்டவரின் இடைவேளை, 11 முதல் 11½ வரை எனப் பதிவாகும். உண்மையில் கிடைத்தவை 23 நிமிடங்கள். சட்டம் வேண்டுவது 30. ஏட்டிலோ குறையே இல்லை! உணவு இடைவேளையில் இத்தகைய முழுமைப்படுத்தல் கூடாதென 2021-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்த்தது. கையால் கூட்டிய காலத்தில் அலகு கணக்கர்க்கு உதவிற்று. பொறிக்கோ 23-ம் 30-ம் ஒரே உழைப்பன்றோ?

இரவு ஷிப்டில் வேறொரு சிக்கல் உண்டு. நள்ளிரவில் நாளை வெட்டும்படி அட்டவணை அமைந்தால், இரவு 10 முதல் காலை 9 வரை உழைத்தவரின் 11 மணி நேரம் இரண்டும் ஒன்பதுமாகப் பிளவுபடும்; அன்றிரவு அவர்க்கு ஓய்வாயின் மிகைநேரம் புலப்படவே புலப்படாது. நள்ளிரவிற்குப் பிந்திய நேரத்தை முந்திய நாளோடு சேர்த்தெண்ண வேண்டுமென்று இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது இதனாற்போலும்.

முன்னரே வந்து தேநீர்க்கடையில் பேசிக்கொண்டிருப்பார்க்கும் கூலி தருவதோ என முதலாளிமார் வினவலாம். நியாயமான வினாவே. அதற்கு வழி, ஷிப்டிற்கு முன் விரல் வைக்க விடாமை. வைத்தபின் நிமிடத்தை அழித்தலன்று. அலகு ஒரு நிமிடமாகவே இருக்கட்டும். அட்டவணையைத் தமிழில் எழுதி வாயிலில் ஒட்டுக; சம்பளச் சீட்டில் விரல் வைத்த நேரத்தையும் கூலிக்குக் கொண்ட நேரத்தையும் அருகருகே அச்சிடுக.