உசிலம்பட்டி எந்த மாவட்டம்?

தேனியின் பின்கோடு 625531. உசிலம்பட்டியின் பின்கோடு 625532. எண்கள் அடுத்தடுத்து வருகின்றன, மாவட்டம் வேறு. ஆண்டிபட்டி (625512), போடி (625513), கம்பம் (625516), உத்தமபாளையம் (625533) எல்லாம் தேனி மாவட்டம். உசிலம்பட்டியும் எழுமலையும் (625535) மதுரை மாவட்டம். 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு நடைமுறைக்கு வந்தபோது இந்த ஊர்கள் அத்தனையும் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தன. 1996இல் தேனி தனி மாவட்டமானது. கலெக்டர் ஆபீஸ் மாறியது, பின்கோடு மாறவில்லை. அஞ்சல் துறைக்கு அதை மாற்ற வேண்டிய தேவையும் இல்லை. எந்தப் பையில் எந்தக் கடிதம் போக வேண்டும் என்பதற்காகப் போட்ட எண் அது.

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்தக் கடை. மலையாள எல்லை வரைக்கும் சில்லறைக் கடைகளுக்குச் சரக்கு போகிறது. கடையின் கணக்கு ரொம்ப காலமாகக் கம்ப்யூட்டரில்தான். அண்மையில் வாடிக்கையாளர் விவரங்களுக்கென்று தனியாக ஒரு மென்பொருள் வாங்கினார்கள். பழைய விவரங்களை அதில் ஏற்றியபோது மாவட்டம் என்ற கட்டம் பாதிப் பேருக்குக் காலியாக இருந்தது. கம்ப்யூட்டர் பார்க்கும் பையன் கெட்டிக்காரன். பின்கோடு 6255 என்று தொடங்குகிற எல்லாப் பார்ட்டிகளையும் வடிகட்டி எடுத்தான், மொத்தமாகத் தேர்ந்தெடுத்தான், மாவட்டம் தேனி என்று போட்டு ஒரே அமுக்காக அமுக்கிவிட்டான். அரை நிமிட வேலை.

அந்தக் கடையில் லைன், அதாவது ஆர்டர் எடுக்கப் போகிற தடம், பிரிப்பது மாவட்டத்தை வைத்து. உசிலம்பட்டிப் பார்ட்டிகள் தேனி லைன் பட்டியலுக்குப் போய்விட்டார்கள். தேனி லைனுக்குப் போகிறவருக்கு உசிலம்பட்டி தன் வேலை இல்லை. வழக்கமாக அங்கே போகிறவருக்கோ பட்டியலில் அந்தப் பெயர்களே வரவில்லை. அந்த வாரம் யாரும் ஆர்டர் எடுக்கவில்லை. கண்டுபிடித்தவர் கணக்குப்பிள்ளை.

"உசிலம்பட்டிய எப்பய்யா தேனிக்கு அனுப்புன?"

"பின்கோட வச்சுத்தான்யா போட்டேன்."

"எழுமலையும் போயிருச்சா?"

போயிருந்தது. அவர் திரையைப் பார்க்காமலேயே கேட்ட கேள்வி அது.

இதைக் கேட்டதிலிருந்து ஒரு விஷயத்தை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மதுரையில் சிறு கடைகள், ஏஜென்சிகள், பட்டறைகள் எல்லாம் வாடிக்கையாளர் விவரத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டிருக்கிற காலம் இது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ, சிறு வியாபாரிகளுக்கென்றே 2020இல் பிகின் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. டேலியில் பல லெட்ஜர்களைச் சேர்த்துத் திருத்த வெகு நாளாகவே வழி இருக்கிறது. எந்த மென்பொருளை எடுத்தாலும் மொத்தத் திருத்தம் என்ற பொத்தான் ஏதாவது ஒரு பெயரில் உண்டு. அது நல்ல வசதி. அதை யார் கையில் கொடுக்கிறோம், எதற்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் எனக்குக் கவலை.

ஒரு காலத்தில் புதுக்கணக்கு போடுகிற வழக்கம் பட்டியலைச் சரிபார்க்கும் வேலையைத் தானாகச் செய்துவந்தது. பழைய பேரேட்டை முடித்துவிட்டு, புதுப் பேரேட்டில் மஞ்சள் வைத்து, ஒவ்வொரு பார்ட்டியின் பெயரையும் ஊரையும் பாக்கியையும் கணக்குப்பிள்ளை தன் கையால் எழுதுவார். நூறு பேரோ எண்ணூறு பேரோ, ஒரு பெயர் விடாமல் வருஷத்துக்கு ஒரு தடவை அவர் பேனாவுக்குக் கீழே வந்தாக வேண்டும். எழுதும்போது கை நிற்கும். "இவர் தவறிப்போய் எட்டு மாசமாச்சே, மகன் பேர்ல எழுதவா?" என்று முதலாளியைக் கேட்பார். "இந்தக் கடைய அண்ணன் தம்பி பிரிச்சுக்கிட்டாங்க, பாக்கிய யார் தலையில எழுத?" என்று கேட்பார். பதில் வந்தபிறகுதான் அடுத்த வரி. அது வெறும் நகலெடுப்பு என்று நாம் நினைத்தோம். உண்மையில் வருஷாந்திரத் தணிக்கை அது. கம்ப்யூட்டர் வந்ததும் முன்வருஷ இருப்பு தானாக முன்னால் நகர்ந்தது. மனிதர் கை எந்தப் பெயரையும் தொட வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. இன்று பல கடைகளின் பட்டியலில் இறந்தவர்களும் கடை மூடியவர்களும் இருப்பது அதனால்தான். பத்து வருஷம் யாரும் தொடாத பட்டியலை ஒரே நாளில் சரிசெய்துவிடலாம் என்ற ஆசை வருவதும் அதனால்தான்.

மொத்தமாகத் திருத்துவதற்கு என்றே பிறந்த மாற்றங்கள் சில உண்டு. நம் பக்கத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 1985இல் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது காமராஜர் மாவட்டம் உருவானது. 1997இல் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் தலைவர்கள் பெயர் வேண்டாம் என்று அரசு முடிவெடுத்ததும் அது விருதுநகர் மாவட்டம் ஆயிற்று. எல்லை நகரவில்லை, பெயர் மட்டும் மாறியது. பழைய பெயர் இருக்கிற இடத்திலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு புதிய பெயரைப் போடலாம், ஒருவருக்கும் தப்பாகாது. 2000களின் தொடக்கத்தில் தரைவழித் தொலைபேசி எண்களுக்கு முன்னால் 2 சேர்த்தார்களே, அதுவும் அப்படித்தான். மதுரையின் ஆறு இலக்க எண் ஏழு இலக்கமானது. தரைவழி எண் கட்டத்தில் செல்போன் எண் கலக்காமல் இருந்தால் போதும், விதி ஒன்றே எல்லாருக்கும் பொருந்தும்.

ஜிஎஸ்டி இதற்கு நேர் எதிர். 2017 ஜூலை 1க்கு முன்னால் வாட் வரியில் 11 இலக்க டின் எண் இருந்தது, தமிழ்நாட்டுக்கு 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி எண் 15 இடம். அதுவும் 33 என்றுதான் தொடங்கும். முதல் இரண்டு இலக்கம் ஒன்றாக இருப்பதைப் பார்த்தால் எதையாவது சேர்த்து நீட்டிக்கொள்ளலாம் போலத் தோன்றும். ஆனால் அந்த 33க்குப் பிறகு வருகிற பத்து எழுத்தும் பார்ட்டியின் பான் எண். அதை எந்த விதியாலும் உருவாக்க முடியாது. அவரிடம் கேட்டு வாங்கத்தான் வேண்டும். அந்த வருஷம் மதுரைக் கடைகளில் லைனுக்குப் போனவர்கள் ஆர்டரோடு ஜிஎஸ்டி எண்ணையும் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்கள்.

தேனி பிரிந்ததோ இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது. கம்பத்துக்கும் போடிக்கும் விதி சரி, உசிலம்பட்டிக்குத் தப்பு. பெரும்பாலும் சரியாக இருக்கிற விதிதான் ஆபத்தானது. முழுக்கத் தப்பாக இருந்தால் முதல் பக்கத்திலேயே பளிச்சென்று தெரிந்துவிடும். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக இருந்தால் யாரும் கடைசி வரை பார்க்க மாட்டார்கள். எது எந்த வகை மாற்றம் என்று சொல்லத் தெரிந்தவர் கடையில் கணக்குப்பிள்ளையோ, லைனில் இருபது வருஷம் அலைந்தவரோதான். பல கடைகளில் இந்த வேலையைக் கம்ப்யூட்டர் தெரிந்த பையனிடம் கொடுத்துவிட்டு, பெரியவரை வசூல் சிட்டையோடு ஓரமாக உட்கார்த்திவைத்திருக்கிறார்கள். இது எனக்குப் பெரிய வருத்தம். பொத்தானை அமுக்க ஒரு வாரத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். எழுமலை எந்தப் பக்கம் என்பது அவ்வளவு சீக்கிரம் கைவராது.

அதைவிடப் பெரிய ஆபத்து இரட்டைப் பதிவுகளை ஒன்றாக்குவதில் இருக்கிறது. ஒரே ஆள் இரண்டு தடவை ஏறியிருப்பார், அதைச் சேர்த்துவிட வேண்டும் என்பது நியாயமான வேலைதான். எதை வைத்து ஒரே ஆள் என்று முடிவு செய்வது? பெயரை வைத்தா? மதுரைச் சீமையில் பாண்டி, கருப்பசாமி, அழகர், மீனாட்சிசுந்தரம் என்று எத்தனை பேர்! தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கத்தால் ஒரே கடையில் ஒரே பெயரில் இரண்டு தலைமுறை உட்கார்ந்திருக்கும். இனிஷியலாவது பிரித்துக்காட்டுமா என்றால், ஜோஹோ மாதிரி மென்பொருட்களில் கடைசிப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட முடியாது. நமக்குக் கடைசிப் பெயர் ஏது? ஒருவர் இனிஷியலை அங்கே போடுவார், இன்னொருவர் முழுப் பெயரையே அங்கே போடுவார், மூன்றாமவர் ஊரைப் போட்டுவைப்பார். போன் எண்ணை வைத்துச் சேர்க்கலாம் என்றால், அண்ணன் கடைக்கும் தம்பி கடைக்கும் ஒரே எண்ணைக் கொடுத்திருப்பார்கள். ஜிஎஸ்டி எண் தனித்தன்மை உள்ளதுதானே என்று கேட்கலாம். ஒரே பானில் ஒரே மாநிலத்துக்குள் இரண்டு கடை நடத்துகிறவருக்குப் பெரும்பாலும் எண் ஒன்றுதான். மேலூர்க் கடையையும் வாடிப்பட்டிக் கடையையும் அதை வைத்து ஒன்றாக்கிவிட்டால் ஒரு கடைக்குப் போக வேண்டிய சரக்கு இன்னொரு வாசலில் இறங்கும். இரண்டு பாக்கியும் ஒன்றாகக் கலந்துவிட்டபின் பிரிப்பதற்குப் பழைய பில் கட்டுகளைத்தான் அவிழ்க்க வேண்டும்.

எக்செல் வழியாக ஏற்றி இறக்குகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. திருமங்கலத்தின் 04549, உசிலம்பட்டியின் 04552 போன்ற எண்களில் முன்னால் இருக்கிற சுழியத்தை எக்செல் தானாக விழுங்கிவிடும். 91 சேர்த்த செல்போன் எண் 12 இலக்கம் ஆவதால் அதை 9.19இ+11 என்று சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்துவிட்டால் மிச்ச இலக்கங்கள் போனது போனதுதான். உலகத்தின் பெரிய விஞ்ஞானிகளே இதில் தோற்றிருக்கிறார்கள். மார்ச்1, செப்ட்1 என்ற சுருக்கங்கள் கொண்ட மனித மரபணுக்களை எக்செல் தேதி என்று நினைத்து மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020இல் அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள். கடைக்காரர் அவ்வளவு தூரம் போக வேண்டாம். கோப்பைத் திறக்கும்போதே போன், பின்கோடு கட்டங்களை எழுத்து வகை என்று குறித்துவிட்டால் போதும்.

இந்தத் தப்புகளைக் கடைக்காரரின் நஷ்டம் என்று மட்டும் நான் பார்க்கவில்லை. 2018 பிப்ரவரியில் ஏர்செல் தமிழ்நாட்டில் முடங்கியபோது ஏராளமான பேர் எண்ணோடு வேறு கம்பெனிக்கு மாறினார்கள். மாறாமல் விட்டவர்களின் எண் செத்தது. செத்த எண் அப்படியே கிடக்காது. குறைந்தது 90 நாள் கழிந்தபின் வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். பட்டியலில் அந்த எண் இன்னமும் பழைய பார்ட்டியின் பெயரில் இருந்தால், பாக்கி எவ்வளவு என்ற செய்தி முன்பின் தெரியாத ஒருவரின் கைக்குப் போய்ச் சேரும். ஒரு மனிதரின் கடன் அவருக்கும் கடைக்கும் மட்டும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய பதிவைத் திருத்தச் சொல்கிற உரிமையை மனிதருக்குக் கொடுத்திருக்கிறது. சட்டம் வருவதற்கு முன்னாலேயே கணக்குப்பிள்ளைகள் பார்ட்டியின் கடன் ரகசியத்தை மரியாதையாகக் காத்தார்கள். பேரேட்டை அடுத்த பார்ட்டியின் முன்னால் விரித்துவைக்க மாட்டார்கள்.

அந்தக் கீழமாசி வீதிக் கடையில் இப்போது செய்வது எனக்குப் பிடித்திருக்கிறது. மொத்தத் திருத்தத்துக்கு முன்னால் பட்டியல் முழுவதையும் ஒரு நகல் எடுத்து, தேதி போட்டு வைக்கிறார்கள். திருத்தப்போகிற கட்டத்துக்குப் பக்கத்திலேயே பழைய விவரம் என்று ஒரு கட்டம் சேர்த்து, முன்பு இருந்ததை அதில் ஏற்றிவிடுகிறார்கள். பிறகு வடிகட்டிய பெயர்களை அச்செடுத்துக் கணக்குப்பிள்ளையிடம் கொடுக்கிறார்கள். அவர் பேனாவோடு உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக வாசிக்கிறார், தப்பானதைச் சுழிக்கிறார், சந்தேகம் இருந்தால் போன் போட்டுக் கேட்கிறார். பையன் சுழித்ததை நீக்கிவிட்டு மிச்சத்தை மாற்றுகிறான். அரை நிமிட வேலை ஒரு மத்தியானம் ஆகிறது. முதலாளி அதற்கு முகம் சுளிக்கவில்லை.

அடுத்த கட்டம் ஒன்று வந்துகொண்டிருக்கிறது. 2025இல் அஞ்சல் துறை டிஜிபின் என்ற முறையை வெளியிட்டது. நாட்டையே ஏறக்குறைய 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 10 இடத்தில் ஒரு குறியீடு. பழைய எண், புதிய எண், எதிரில் பிள்ளையார் கோயில் என்று முகவரி எழுதிப் பழகிய நமக்கு இது உபயோகமானதுதான். ஆனால் கடை இருக்கிற இடம் சரியாகத் தெரியாமல் பின்கோடை வைத்தோ ஊர்ப் பெயரை வைத்தோ இதை மொத்தமாக நிரப்ப முடியாது. கடை வாசலில் ஓர் ஆள் போனோடு நின்று எடுத்துவர வேண்டும். லைனுக்குப் போகிறவர்களிடம் இப்போதே சொல்லிவைக்கலாம். மேலூர் லைன், நத்தம் லைன், திருமங்கலம் லைன் என்று ஒவ்வொரு கடை வாசலிலும் அதை எடுக்கட்டும். போன் எண் இன்னும் அதுதானா, பில் யார் பெயரில் போட வேண்டும் என்றும் கையோடு கேட்டு வரட்டும். ஒரு சுற்று முடிய சில மாதம் பிடிக்கும். பிடிக்கட்டும்.