மின்கலமும் மனக்கலக்கமும்

தோழா!

சனிக்கிழமை இரவு, மணி பத்தரை. கிண்டியைக் கடந்து அடையாற்றுக்குள் நுழைகிறது ஒரு மோட்டார். ஓட்டுபவர் கழகத் தோழர். அவர் அருகே நான். வெளியே தூறல்; உள்ளே மௌனம். கூட்டம் முடித்துத் திரும்பும் வேளையில் பேச்சுக்குப் பஞ்சம் இராது எங்களிடையே. கைதட்டல் எங்கே எழுந்தது, கருத்து எங்கே இடறியது என்று காஞ்சியில் தொடங்கும் உரையாடல் மயிலைக் குளக்கரை வரை நீளும். அன்றோ இருவர் விழிகளும் கண்ணாடிப் பலகையில் ஒளிரும் ஓர் எண்ணின் மீதே நிலைத்துக் கிடந்தன. 15 விழுக்காடு!

"இன்னும் எவ்வளவு தூரம் ஓடும், தோழர்?"

"30 கிலோமீட்டர் ஓடும்."

"மயிலாப்பூருக்கு?"

"ஐந்தே கிலோமீட்டர்தான்."

"பிறகென்ன அச்சம்?"

"வீடு போய்ச் சேர்ந்துவிடலாம். நாளைக் காலை வீட்டிலிருந்து புறப்பட முடியாதே!"

சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு அடையாற்றைத் தாண்டவில்லை. மறுநாள் காலை மாமல்லபுரத்தில் கூட்டம். போகவர 110 கிலோமீட்டர். தோழர் குடியிருப்பதோ வாடகை வீடு. வண்டியைத் தெருவிலே நிறுத்துகிறார். வீடோ மூன்றாம் மாடியிலே! மாடியிலிருந்து கயிறு விட்டு வாளியில் காய்கறி வாங்கலாம்; மின்சாரம் இறக்க முடியுமோ?

எனவே புறப்பட்டோம், மின்னேற்றும் இடம் தேடி.

அடையாற்றிலே முதல் இடம். கைப்பேசி 'உண்டு' என்றது. கதவிலே பூட்டு தொங்கிற்று. "கடை மூடிட்டாங்க சார், காலையிலே வாங்க" என்றார் காவலாளி. மின்சாரம் உறங்குவதில்லை, தோழா! அதைத் தரும் இடம் மட்டும் ஒன்பது மணிக்கே உறங்கிவிடுகிறது.

தியாகராய நகரிலே இரண்டாம் இடம். கதவு திறந்திருந்தது, எந்திரம் இறந்திருந்தது. திரையிலே இருள். "பத்து நாளா இப்படித்தான்" என்றார் அங்கிருந்தவர், பக்கத்து வீட்டுத் துக்கம் சொல்வதுபோல.

மயிலையிலே மூன்றாம் இடம். எந்திரம் உயிரோடு இருந்தது. ஆனால் அதன் முன்னே நிம்மதியாகப் படுத்துக் கிடந்தது ஒரு பெட்ரோல் கார்! ஓட்டியவர் எங்கே? ஆண்டவனுக்கே வெளிச்சம்.

நான்காம் இடம். இடமும் இருந்தது, எந்திரமும் இயங்கிற்று. ஆனால், "எங்கள் செயலியை இறக்கு, பெயரைப் பதிவு செய், முன்பணம் கட்டு, பிறகு பேசு" என்றது. நிறுவனந்தோறும் ஒரு செயலி, செயலிதோறும் ஒரு பணப்பை! முனையிலே இருக்கும் தேநீர்க் கடைக்காரர் ஒரே கட்டத்தைக் காட்டுகிறார். எந்த வங்கிக்காரன் வந்தாலும் படம் பிடித்துப் பணம் தந்துவிட்டுப் போகிறான். தேநீருக்கு வந்த நாகரிகம் மின்னேற்றத்துக்கு வரலாகாதோ?

இறுதியில் கைகொடுத்தவர் மந்தைவெளித் தோழர் ஒருவர். அவருக்குச் சொந்த வீடு. வாசலிலே 15 ஆம்பியர் துளை. மணிக்கு ஏறத்தாழ 3 யூனிட். விடியுமுன் 20 யூனிட். 30 யூனிட் கொள்ளும் மின்கலம் முக்கால் பங்கு நிறைந்தது. மாமல்லபுரம் சென்றோம், பேசினோம், திரும்பினோம்.

கதை முடிந்தது. கருத்து இங்கேதான் தொடங்குகிறது.

அன்றிரவு எங்களைக் காத்தது எது? அறிவியலா? ஆட்சியா? அங்காடியா? இல்லை தோழா, இல்லை! ஒரு சொந்தச் சுவர். சுவர் உள்ளவனுக்கு மின்கார் சுகம். சுவர் இல்லாதவனுக்கு அது சோதனை. வீட்டுக்காரன் உறங்கும்போது அவன் வண்டி உண்கிறது. குடிக்கூலிக்காரன் வண்டிக்கு உணவு தேடி உறக்கத்தை இழக்கிறான். வீட்டு மின்சாரத்துக்குச் சரக்கு சேவை வரி இல்லை. பொது நிலையத்தில் ஏற்றினாலோ, அது மின்சார விற்பனை அன்று, சேவை. எனவே 18 விழுக்காடு வரி என்று 2023-இல் கருநாடக முன்தீர்ப்பு ஆணையம் சொல்லிற்று. காருக்கோ 2019 முதல் 5 விழுக்காடே வரி! வாங்கும்போது வாழ்த்து, ஏற்றும்போது வரி. உள்ளவனுக்கு ஒரு விலை, இல்லாதவனுக்கு வேறு விலை. இந்த நியாயத்தை எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதல்லவா?

"கார் வைத்திருப்பவன் கவலை நமக்கெதற்கு? பேருந்துக்குக் காத்து நிற்பவனைப் பற்றிப் பேசு" என்று நீ கடிந்துகொள்ளலாம். நேர்மையான கேள்வி. பேருந்தே முதலில், ஐயமில்லை. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டபோது மகிழ்ந்தோம் நாம். ஆனால் அந்தப் பேருந்துக்குப் பணிமனை உண்டு, மின்னேற்றத் துறை உண்டு. உணவுப் பொட்டலத்தை மின்ஸ்கூட்டரில் சுமந்து செல்லும் இளைஞனுக்கு என்ன உண்டு? மின் ஆட்டோ ஓட்டும் குடும்பத் தலைவனுக்கு எது பணிமனை? அவர்களும் வாடகைக் குடியிருப்பினர். அவர்களுக்கும் சுவர் இல்லை. கார்க்காரருக்கு உறக்கம் கெடுகிறது. அவர்களுக்கோ அன்றைய கூலியே கெடுகிறது.

வண்டி செய்வதற்கு வக்கில்லாத நாடா இது? 2013-இல் சென்னை ஐ.ஐ.டி.யின் முன்னாள் மாணவர்கள் தொடங்கிய ஏத்தர் நிறுவனம் ஓசூரிலே ஸ்கூட்டர் செய்கிறது. டி.வி.எஸ். ஓசூரிலே, ஓலா கிருட்டிணகிரி மாவட்டத்திலே. 2019-இல் நெடுந்தூரம் ஓடும் கோனா மின்காரைத் திருப்பெரும்புதூரிலே பூட்டி வெளியிட்டது ஹூண்டாய். ஒருமுறை ஏற்றினால் 452 கிலோமீட்டர் என்பது ஆய்வுக்கூடச் சான்று. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியிலே வின்ஃபாஸ்ட் ஆலை திறக்கப்பட்டது. செய்யும் கைகள் இங்கே உண்டு. செய்த வண்டிக்கு மின்சாரம் ஊட்டும் கையைத்தான் தேட வேண்டியிருக்கிறது!

"இது புதுப் பொருள், மெல்ல மெல்லத்தான் வரும்" என்பார் சிலர். புதுப் பொருளா? 1895 மே திங்களிலேயே இந்தச் சென்னைத் தெருவிலே மின்சாரத்தால் உருண்டது டிராம். இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் அது. லண்டன் தெருக்கள் 1901-இல்தான் அத்தகையதைக் கண்டன. 1953 ஏப்ரல் வரை ஓடிற்று. அந்த டிராம் ஓட்டுநர் என்றேனும் விழுக்காட்டைப் பார்த்து வியர்த்தாரா? இல்லை! ஏன்? மின்சாரம் அவரைத் தேடி வந்தது, வழி நெடுக! மின்சாரத்தைத் தேடி அவர் அலையவில்லை.

அமெரிக்காவைப் பார். 1900-ஆம் ஆண்டு அங்கே செய்யப்பட்ட மோட்டார்கள் 4,192. நீராவியால் ஓடியவை 1,681. மின்சாரத்தால் ஓடியவை 1,575. பெட்ரோலால் ஓடியவை 936 மட்டுமே! கடைசியில் நின்றது எப்படி முதலில் வந்தது? டெக்சாசு மாநிலத்தில் எண்ணெய் பீறிட்டது. ஃபோர்டு மலிவு வண்டி தந்தார். கைப்பிடி சுழற்றாமல் எந்திரத்தைக் கிளப்பும் கருவி 1912-இல் வந்தது. இவற்றோடு இன்னொன்றும் உண்டு. மின்கம்பி எட்டாத சிற்றூருக்கும் பெட்ரோல் தகரத்திலே போய்ச் சேர்ந்தது. தோற்றதற்குக் காரணம் மின்கலம் மட்டுமன்று. வழியிலே அதற்கு வாய்க்கரிசிகூடக் கிடைக்கவில்லை!

பெட்ரோல் மட்டும் பிறக்கும்போதே பங்க்கோடு பிறந்ததா? 1888 ஆகஸ்டில் ஜெர்மனியின் மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்சைமுக்கு, கணவர் செய்த வண்டியைக் கணவருக்கே தெரியாமல், இரு மைந்தரோடு ஓட்டிச் சென்றார் பெர்த்தா பென்சு. நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழி. நடுவழியில் எரிபொருள் தீர்ந்தது. வீஸ்லாக் என்ற ஊரின் மருந்துக் கடையிலே, துணிக்கறை போக்கும் திரவத்தை வாங்கி ஊற்றி ஓட்டினார். இன்றைக்கு மின்கார்க்காரன் படும் அச்சத்தை அன்றைக்குப் பெட்ரோல் கார்க்காரியும் பட்டார். அந்த அச்சம் எப்படித் தீர்ந்தது? தொட்டி பெரிதானதால் மட்டுமா? கல்லுக்குக் கல் கடை வந்ததால்!

நம் முன்னோர் இதை அறியாதவரா? தலைச்சுமைக்காரன் தானே இறக்கித் தானே ஏற்ற முடியாது என்பதறிந்து, வழியோரம் தோளுயரத்துக்குச் சுமைதாங்கிக் கல் நட்டனர். சாலை போட்டதோடு நில்லாமல் சத்திரமும் கட்டினார் மதுரை மங்கம்மாள். வழிப்போக்கனிடம், "உன் வலுவைப் பெருக்கிக்கொண்டு வா" என்று அவர்கள் சொல்லவில்லை. சுமை அவனுடையது, சுமைதாங்கி ஊருடையது! இதுவே தமிழன் கண்ட பொதுநெறி.

தில்லி ஏட்டிலே எழுதாமலும் இல்லை. நகரத்தில் 3 கிலோமீட்டருக்கு 3 கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒரு நிலையம், நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒன்று என்றது 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். 2030-க்குள் நகரத்தில் 1 கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒன்று என்றது 2024-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அதே ஆண்டு அறிவித்த திட்டத்தில் நிலையங்களுக்கென 2,000 கோடி ரூபாய். எண்ணிக்கையிலே குறைவில்லை. ஆனால் கட்டத்துக்குள் எந்திரம் இருந்தால் போதுமா? அது இயங்க வேண்டாமா? பூட்டிய கதவும், இருண்ட திரையும், மறித்து நிற்கும் வண்டியும் வரைபடத்திலே பச்சைப் புள்ளிகளாகவே ஒளிர்கின்றன! இல்லாத நிலையத்தைவிட இயங்காத நிலையம் கொடிது; இல்லாதது ஏமாற்றுவதில்லை.

தோழா, அச்சம் வேறு, கணக்கு வேறு என்பதையும் உணர்ந்துகொள். மயிலையிலிருந்து தி.நகர், தி.நகரிலிருந்து அடையாறு என்று நகருக்குள் சுற்றுவோன் நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓடினாலும், 200 கிலோமீட்டர் ஓடும் மின்கலம் ஐந்து நாள் தாங்கும். மின்கலம் சிறிதென்பதன்று சென்னைக்காரன் துயரம். நம்பி நிற்க ஓர் இடம் இல்லை என்பதே. எனவே மருந்தும் எளிது.

தணிகாசலம் சாலையின் அடுக்கு நிறுத்தகம் போல் ஊர்ப் பணத்தில் எழுந்த நிறுத்தகம் ஒவ்வொன்றிலும் இரவும் இயங்கும் மின்னேற்றம் வேண்டும். தெருவில் நிறுத்துவோர்க்காக, மாட வீதிகளை ஒட்டியும் காந்தி நகர் மரநிழலிலும், மெல்ல ஏற்றும் எளிய துளைகள் வேண்டும். இரவு முழுதும் நிற்கும் வண்டிக்கு விரைவு எந்திரம் தேவையில்லை. பழுதானதை இத்தனை மணிக்குள் செப்பனிட வேண்டும் என்ற கெடு வேண்டும்; தவறினால் தண்டம் வேண்டும். எந்தக் கைப்பேசியிலிருந்தும் பணம் தரும் வழி வேண்டும். மின்னேற்றும் இடத்தை மறிக்கும் வண்டியை அகற்ற அதிகாரம் வேண்டும். அடுக்கு மாடிச் சங்கங்கள், "வாடகைக்காரனுக்கு இணைப்பில்லை" என்று கைவிரிக்கலாகாது. தன் மின் இணைப்பிலிருந்து தன் வண்டிக்கு ஏற்ற 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதலே இடம் தந்திருக்கிறது.

இதற்கு நீ செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. மாநகராட்சியின் 200 வட்டங்களில் உன் வட்டமும் ஒன்று. அடுத்த ஞாயிறு, இரு தோழரோடு நடந்து செல். உன் வட்டத்து மின்னேற்று நிலையங்களை ஒவ்வொன்றாகப் பார். கதவு திறந்ததா? திரை ஒளிர்ந்ததா? இடம் காலியா? இரவிலும் கிடைக்குமா? தாளில் குறி. ஆட்டோ நிறுத்தத்திலே கேள். உணவு சுமக்கும் இளைஞனைக் கேள். குறித்த தாளை மாமன்ற உறுப்பினரிடம் கொடு. நம்மவராயினும் கொடு, மாற்றாராயினும் கொடு. நம்மவராயின் இருமுறை கொடு!

அன்றிரவு எங்களுக்கு மந்தைவெளித் தோழரின் வாசல் திறந்தது. தோழன் இல்லாதவனுக்கு எந்த வாசல் திறக்கும்? அந்த வாசலுக்குப் பெயர்தான் அரசு. அது திறக்கும் வரை தட்டுவோம், வா!